வண்டியில் ஒட்டியிருந்த உன் படம்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்தாய். பூசைக்குப் போய்விட்டு வந்து, கோழிக்குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே, ஏதோ சேலம் வரைக்கும் போய்வருகிறவள் மாதிரி, "அப்பா, அடுத்த வாரம் மிலானுக்குப் பன்னெண்டு நாள் அனுப்பறாங்க, காப்பிக் கண்காட்சிக்கு. நான் ஒருத்திதான் போறேன்" என்றாய். நான் "நல்லது சாமி, போய்ட்டு வா" என்றேன். தட்டில் இருந்த சோற்றை எப்படி முடித்தேன் என்று தெரியவில்லை. உன் அம்மா முப்பது வருடமாக எஸ்டேட்டில் முதுகு ஒடியப் பறித்த காப்பியை, பெங்களூரில் ஏசி ரூமில் உட்கார்ந்து உறிஞ்சி ருசி பார்த்துத் துப்பி மார்க் போட்டு நீ சம்பளம் வாங்குகிறாய். அதில் எனக்கு உள்ள பெருமையை ஸ்டாண்டில் இருக்கிற எல்லா டிரைவர்களும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். ஆனால் அன்றைக்குப் பெருமை வரவில்லை. பயம்தான் வந்தது. நீ சாயங்காலம் பஸ் ஏறிப் போன பிறகும் அது போகவில்லை. இன்றுவரை போகவில்லை.

சிரிக்காதே. முப்பத்திரண்டு வருடமாக இந்த மலையில் வண்டி ஓட்டுகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் மழையில், பனிமூட்டத்தில், ஒரு லைட் மட்டும் எரிகிற ஜீப்பில் ஏறி இறங்கியவன். அப்போதெல்லாம் வராத பயம் இப்போது போனைப் பார்த்தால் வருகிறது. நீ வாங்கிக் கொடுத்த போன்தான். அதில் மிலான் என்று போட்டால் வீடியோ வீடியோவாக வந்து விழுகிறது. ரயிலில் நிற்கிற ஒரு பெண்ணின் பையிலிருந்து ஒருத்தி பர்ஸை எடுக்கிறாள். எடுத்தவள் கழுத்தில் நல்ல சால்வை, கையில் குழந்தை வேறு. அதை நாலு தடவை பார்த்தேன். உன் அம்மா வந்து, "ஏனுங்க, என்னத்தப் பாத்துட்டு இப்படி வேர்த்துப் போயி உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டாள். கிரிக்கெட் என்றேன். அன்றைக்கு எந்த மேட்சும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. அந்த ஊர் கடிகாரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் என்று தெரிந்துகொண்டேன். இப்போதே மணி பார்க்கும்போதெல்லாம் மூன்றரை மணி நேரத்தைக் கழித்துப் பார்க்கிறேன். நீ இன்னும் கிளம்பவே இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்றால், பாம்பின் கால் பாம்பறியும். வெளியூர்க்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குத் தெரியும். பஸ்ஸிலிருந்து இறங்கினதும் உள்ளூர்க்காரன் தான் போக வேண்டிய பக்கம் திரும்பி நடப்பான். வெளியூர்க்காரர் இறங்கினதும் முதலில் வானத்தைப் பார்ப்பார், அப்புறம் போனைப் பார்ப்பார், அப்புறம் சுற்றிப் பார்ப்பார். அந்த மூன்றாவது பார்வை எங்கள் மேல் படுகிற நேரத்தில் நாங்கள் வண்டியை விட்டு எழுந்துவிடுவோம். நட்ட நடு மத்தியானத்தில் ஸ்வெட்டர் போட்டிருந்தால் இன்னும் நல்லது. ரேட்டைச் சொன்னதும் ஒரு கணம் யோசித்தால் முடிந்தது கதை, அவருக்கு விலை தெரியாது. இதை ஒரு தொழில் ரகசியம் மாதிரி நாங்கள் ஸ்டாண்டில் பேசிச் சிரித்திருக்கிறோம். இப்போது நீ அந்த விமான நிலையத்தில் இறங்கி, மேலே பார்த்து, போனைப் பார்த்து, சுற்றிப் பார்க்கப் போகிறாய். என்னைப் போல ஒருவன் அங்கே எழுந்து நிற்பான்.

அதனால் சொல்வதைக் கேள். விமானத்திலிருந்து இறங்கி எங்கே போக வேண்டும் என்பதை இங்கேயே மனப்பாடம் செய்துகொள். பெட்டி வந்ததும் ஒதுக்குப்புறமாக ஒரு சுவர் பார்த்து நின்று, பார்க்க வேண்டியதையெல்லாம் அங்கேயே பார்த்து முடித்துவிட்டு, தெரிந்தவள் போல நட. உள்ளேயே வந்து "டாக்ஸியா?" என்று கேட்கிறவனோடு போகாதே. நிஜமான டாக்ஸிக்காரன் வெளியே வரிசையில் வண்டியோடு நிற்பான், உன்னைத் தேடி உள்ளே வரமாட்டான். ஊருக்குள் போக ரயில் இருக்கிறதாம், அதில் போனால் இன்னும் நல்லது. "நீ ரூம் போட்ட ஹோட்டல் மூடிட்டாங்க, வேற நல்ல இடம் காட்டறேன்" என்று எவனாவது சொன்னால் சிரித்துவிட்டுப் போய்க்கொண்டே இரு. அந்தப் பொய் எல்லா ஊருக்கும் பொது. நானே இங்கே சொல்லியிருக்கிறேன். நல்லா இருந்த லாட்ஜில் தண்ணீர் இல்லை என்று சொல்லி, எனக்குக் கமிஷன் தருகிற லாட்ஜில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். அந்த லாட்ஜில்தான் தண்ணீர் வராது.

பணத்தை ஒரே இடத்தில் வைக்காதே. இரண்டு கார்டு கொண்டு போ, ஒன்று உடம்போடு, ஒன்று பெட்டியில். மஞ்சக்குட்டையிலிருந்து தினமும் என் வண்டியில் வருகிற பேங்க் சார் ஒருவர் இருக்கிறாரே, அவரிடம் கேட்டேன். வெளிநாட்டில் கார்டைத் தேய்க்கும்போது மெஷின் "ரூபாயில் எடுக்கட்டுமா, அந்த ஊர்ப் பணத்தில் எடுக்கட்டுமா" என்று கேட்குமாம். ரூபாயைப் பார்த்ததும் நமக்குச் சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருக்கும். அமுக்கிவிடாதே. யூரோ என்றுதான் அமுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் வைத்ததுதான் விலை. பணம் எடுப்பதாக இருந்தால் பேங்க் சுவரோடு இருக்கிற மெஷினில், பகலில், பேங்க் திறந்திருக்கும்போது எடு. கார்டு மாட்டிக்கொண்டால் உள்ளே போய்க் கேட்க ஆள் இருக்கும். பெட்டிக்கடை ஓரத்தில் தனியாக நிற்கிற மெஷின் வேண்டாம். ரயில் டிக்கெட் எடுக்கிற இடத்தில் ஒருவர் தானாக வந்து பட்டனை அமுக்கி உதவி செய்தால், அந்த உதவி வேண்டாம் என்று சொல். முகத்தில் அடித்த மாதிரி சொல். உனக்கு அது வராது என்று தெரியும், பழகிக்கொள்.

பையை முன்னால் மாட்டு. ரயில் கதவுப் பக்கம் நிற்காதே, எடுத்தவன் கதவு மூடுகிற நேரத்தில் குதித்துவிடுகிறான். சாப்பிடும்போது போனை மேசைமேல் வைக்காதே. அந்த ஊர்ப் பெரிய மாதா கோயில் முன்னால் கையில் கயிறு கட்டிவிட வருவார்களாம், அன்பளிப்பு என்று. கட்டின பிறகு காசு கேட்பார்கள். கையை நீட்டாதே. போலீஸ் என்று சொல்லி எவனாவது பர்ஸைக் காட்டு என்றால், நிஜப் போலீஸுக்கு உன் பர்ஸ் எதற்கு? ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று சொல். அவசரத்துக்கு 112 என்று அடிக்க வேண்டும், நம் ஊரில் அடிக்கிற அதே நம்பர்தான், மறக்காது. பாஸ்போர்ட்டை நகல் எடுத்து ஒன்றைப் பெட்டியில் வை, ஒன்றைப் பையில் வை, ஒன்றை எனக்கு அனுப்பு. ஹோட்டல் விலாசத்தைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள். போனில் இருக்கிறது என்று சொல்லாதே. போனில் சிக்னல் போய்விடுகிற இடம் ஒன்று எல்லா ஊரிலும் இருக்கிறது. கழுத்தில் இருக்கிற தங்கச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போ. சிலுவை இல்லாமல் அவ்வளவு தூரம் எப்படிப் போவாள் என்று நீ போன அன்று ராத்திரியே உன் அம்மா சண்டைக்கு வந்தாள். கறுப்புக் கயிற்றில் ஒரு வெள்ளிச் சிலுவையைக் கோத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இதில் பாதி நானாகக் கண்டுபிடித்தது இல்லை, கண்ணு. விலாசத்தைக் காகிதத்தில் எழுது, பணத்தை இரண்டு இடத்தில் வை, சங்கிலியைக் கழற்று என்பதெல்லாம் இன்னொரு அப்பா தன் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்தது. அந்தக் காகிதம் என்னிடம் பதினான்கு வருடமாக இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தின் பிளாஸ்டிக் உறைக்குள், பின்பக்கம் மடித்து வைத்திருக்கிறேன். அது எப்படி என்னிடம் வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே எழுத ஆரம்பித்தேன். ஆறு பக்கமாகச் சுற்றி வளைக்கிறேன். இனி வளைக்க முடியாது.

நீ அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். காப்பிப் பழம் பறிக்கிற காலம். உன் அம்மா கரடியூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் அந்தப் பச்சை ஜீப்பை வைத்துக்கொண்டு ஏரிப் பக்கம் ஸ்டாண்டில் நின்றேன். ஒரு நாள் காலையில் ஒரு பெண் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். வடக்கே ஏதோ ஊர். தனியாக வந்திருந்தாள். வானத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், சுற்றிப் பார்த்தாள். ஆறு பேர் எழுந்தோம். அவள் ஒவ்வொரு வண்டியாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே வந்து என் ஜீப்பிடம் நின்றாள். நின்று சிரித்தாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் அவளுக்குத் தெரிந்த கை ஜாடையிலும் ஐந்து இடம், இவ்வளவு ரூபாய் என்று பேசி முடித்தோம். நியாயமான ரேட்தான். ஏற்றும்போது நியாயமான ரேட்டைச் சொல்லி, பாதி வழியில் அதைக் கூட்டுவதுதான் எங்கள் வழக்கம். பாதி வழியில் இறங்கி யார் நடப்பார்கள்?

நாலு இடம் பார்த்தோம். கடைசியாகக் கரடியூர் பாறை. அங்கே போவதற்குள் மூட்டம் இறங்கிவிட்டது. பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. நான் வண்டியை நிறுத்தி, ரோடு மோசம், டீசல் அதிகம், இன்னும் ஒரு மடங்கு வேண்டும் என்றேன். பெரும்பாலானவர்கள் திட்டிக்கொண்டே கொடுத்துவிடுவார்கள். அவள் கொடுக்கவில்லை. பேசினது பேசினதுதான் என்கிற மாதிரி ஏதோ சொன்னாள். சத்தம் போடாமல், ரொம்ப மரியாதையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு வண்டியை விட்டு இறங்கி, முன்னால் போய், போனை எடுத்து என் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்தாள். எனக்குத் தலைக்கு ஏறியது. யாருக்கோ அனுப்பப் போகிறாள், என்னைத் திருடனாக்கப் போகிறாள் என்று நினைத்தேன். திருடினவன் நான்தான், ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன். வண்டியை எடுத்தேன். அவள் ஓடி வந்து பின்னால் தட்டினாள். நான் நிறுத்தவில்லை.

பத்து நிமிடம் பயமுறுத்திவிட்டுத் திரும்ப வரலாம் என்றுதான் போனேன். இது சத்தியம், ஆனால் இதைச் சொல்லி எதையும் குறைக்க முடியாது என்றும் தெரியும். கொஞ்ச தூரத்தில் ஒரு குடும்பம் கார் நின்றுபோய் ரோட்டில் நின்றது. டவுனுக்குக் கொண்டுபோய் விடச் சொல்லிக் கேட்டதைக் கொடுத்தார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டேன். பிள்ளை படிப்புக்கு ஆகும் என்று உன் பேரை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். உனக்காக ஒன்றும் இல்லை, வீறாப்பு, அவ்வளவுதான். திரும்பக் கரடியூருக்கு வரும்போது ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. மூட்டம் இன்னும் கெட்டியாக இருந்தது. அவள் இல்லை. "பாப்பா, பாப்பா" என்று கத்தினேன். பேர்கூடத் தெரியாது. பாறை விளிம்புக்குத் தவழ்ந்து போய்க் கீழே பார்த்தேன். வெள்ளையாக இருந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. அங்கிருந்து பார்த்தால் கீழே அவ்வளவு ஆழம் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு வந்த மாதிரி பயம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. அதற்குப் பிறகு வந்தது போன ஞாயிற்றுக்கிழமைதான்.

யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். போலீஸ் ஜீப் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நீ வாசல் படியில் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தாய். வெளிச்சம் போவதற்கு முன்னால் உன் அம்மா வந்தாள். வரும்போதே சத்தம்.

"ஏனுங்க, இந்த அநியாயத்தைக் கேட்டீங்களா? கரடியூர் பாறைகிட்ட ஒரு பொண்ணை எவனோ ஜீப்புக்காரன் உட்டுப்போட்டுப் போயிட்டானுங்க. பச்சப்புள்ள மாதிரி இருக்கறா. பேசறது ஒண்ணும் புரியல. நாங்க அஞ்சாறு பேரு வேலை முடிஞ்சு பையத் தூக்கிட்டு வந்துட்டிருந்தோம். மூட்டத்துக்குள்ளயிருந்து ஓடியாந்து எங் கையைப் புடிச்சுக்கிட்டா. உடவே மாட்டேங்கறா. கையி ஐஸு மாதிரி இருந்துதுங்க. அப்படியே கூட்டிட்டு வந்து டீயும் பன்னும் வாங்கிக் குடுத்து, சேலம் பஸ்ஸுல நானே ஏத்தி உட்டுட்டு வாரேன். கண்டக்டர்கிட்டயும் சொல்லியிருக்கறேன்."

உயிரோடு இருக்கிறாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உயிர் வந்தது. ஆனால் உன் அம்மா முடிக்கவில்லை. வாசலுக்கு இறங்கிப் போனாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், மாதாவைத் தவிர வேறு யாரையும் கும்பிடாதவள், குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினாள். "அவன் பெத்ததும் ஒரு நாளைக்கு ஊரு பேரு தெரியாத ஊருல, ஆளு தெரியாம, பாஷை தெரியாம இப்படி நிக்கோணும். அப்பத்தான் அந்தப் பாவிக்குத் தெரியும்" என்று சொல்லி மண்ணைத் தூற்றினாள். காற்று வீட்டுப் பக்கம் அடித்தது. மண் உன் தலையில் விழுந்தது. நீ "அம்மா!" என்று கத்திவிட்டு நோட்டைத் தட்டினாய். அவள் சிரித்துக்கொண்டே வந்து உன் தலையைத் துடைத்துவிட்டாள். உனக்கு அது ஞாபகம் இருக்காது. எனக்கு அந்த மண் விழுந்த சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது.

நாலு நாள் கழித்து ஜீப்பைக் கழுவும்போது பின் சீட்டுக்கு அடியில் அந்தக் காகிதம் கிடைத்தது. இங்கிலீஷ், நீல மையில் பெரிய பெரிய எழுத்து. எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னேன். எங்கேயோ கிடந்தது என்று பொய் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். வாடகையை முன்னாலேயே பேசிக்கொள், வண்டி நம்பரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, சங்கிலி போடாதே. அவள் அப்பா சொன்னதைத்தான் செய்திருக்கிறாள். என்னை அவமானப்படுத்தப் படம் எடுக்கவில்லை. ஆனால் அங்கே சிக்னல் ஏது? கடைசிக்கு முந்தின வரியைப் படித்துவிட்டு ரைட்டர் சிரித்தார். "யாரோ நல்ல தகப்பனுங்க. பாருங்க, என்ன எழுதியிருக்கறாருன்னு. வண்டி எடுக்கறதா இருந்தா கொஞ்சம் வயசான டிரைவரா, வண்டியில புள்ளைங்க படம் ஒட்டியிருக்கறவனாப் பாத்து ஏறு, அவன் உன்னைப் பத்திரமாப் பாத்துக்குவான்னு எழுதியிருக்கறாருங்க."

ஜீப்பின் முன் கண்ணாடிக்குக் கீழே, மாதா படத்துக்குப் பக்கத்தில் நீ கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கின அன்றைக்கு எடுத்த புதுநன்மைப் படம் ஒட்டியிருந்தது. வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவத்தி. அதைப் பார்த்துத்தான் அவள் என் வண்டியிடம் நின்று சிரித்தாள். உன்னைப் பார்த்துச் சிரித்தாள், கண்ணு. ஆறு வண்டியை எட்டிப் பார்த்து, உன் முகத்தை நம்பி ஏறினாள்.

கடைசி வரியில் அவள் அப்பாவின் போன் நம்பர் இருந்தது. ஒரு தடவைகூட நான் கூப்பிடவில்லை. கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் செய்ததைச் சொன்னேன், பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார், சொன்னேன். உன் அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. போன திங்கட்கிழமை, நீ போன மறுநாள், அந்த நம்பரை அடித்தேன். நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. அவள் சேலம் போய்ச் சேர்ந்தாளா, சேர்ந்து அப்பாவிடம் என்ன சொன்னாள், அந்த மனுஷன் அன்றைக்கு எப்படி இருந்தார் என்று இனி எனக்குத் தெரியவே தெரியாது. எனக்கு இருக்கிற பயம் என்னவென்று இப்போது உனக்குப் புரியும். அந்த அப்பா என்னைவிட நல்ல புத்திமதிதான் சொன்னார். அவர் சொன்ன புத்திமதியே அவளை என்னிடம் கொண்டுவந்து விட்டது. நான் இந்தக் கடிதத்தில் எழுதியிருப்பது உன்னை எவனிடம் கொண்டுபோய் விடுமோ? அதற்கு மேல் உன் அம்மா தூற்றின மண். அதெல்லாம் மூடநம்பிக்கை என்பாய். நானும் ஸ்டாண்டில் அப்படித்தான் பேசுவேன்.

முந்தாநாள் காலையில், உனக்குக் கொடுத்தனுப்பக் கறிவேப்பிலைப் பொடி வறுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் உன்னை அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. கரண்டி நின்றுபோயிற்று. அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"கையி ஐஸு மாதிரி இருந்துதுன்னு அன்னைக்கு வந்து சொன்னேனே. கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்."

"கேட்டுப்போட்டு அன்னைக்கு ராத்திரி சோறும் தின்னீங்க."

"தின்னேன்."

பொடி தீய்ந்துபோன வாசனை வந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனாள். இப்போது ஓட்டுகிற வேன் வாசலில் நின்றது. ஜீப்பை விற்றபோது அந்தப் படத்தைப் பிய்த்து எடுத்து இதில் ஒட்டியிருந்தேன், உனக்குத் தெரியும். கதவைத் திறந்து, நகத்தால் சுரண்டிச் சுரண்டி அதை எடுத்தாள். ஒரு மூலை கிழிந்துவிட்டது. உள்ளே வந்து பைபிளுக்குள் வைத்துவிட்டுச் சொன்னாள், "வாடகைக்கு ஓடற வண்டியில எம்புள்ள படம் வேண்டாமுங்க. அதைப் பாத்து இனி யாரும் ஏற வேண்டாம்." அப்புறம் வாசலில் அவள் அன்றைக்கு மண் அள்ளின இடத்தில் போய் ரொம்ப நேரம் நின்றாள். என்ன ஜெபம் பண்ணினாளோ, என்னைப் பக்கத்தில் வர விடவில்லை.

நேற்று இந்தக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

"எழுதுங்க. தானா வந்து பேசறவனை நம்பாதே. வண்டியில சாமி படம் இருக்குது, புள்ள படம் இருக்குது, நல்ல மூஞ்சியா இருக்குதுன்னு எதையும் பாக்காதே. வழி தெரியாமப் போச்சுன்னா, வேலை முடிஞ்சு, கையில பையோட, ஊட்டுக்குப் போற அவசரத்துல இருக்கற பொம்பளைங்களாப் பாரு. எந்த ஊருலயும் இருப்பாங்க. நீயா போயி அவங்க கையைப் புடிச்சுக்கோ. அவங்களுக்கு உன்னை ஏமாத்த நேரம் இருக்காது சாமி."

நான் எழுதின ஆறு பக்கத்தையும் மறந்தால்கூடப் பரவாயில்லை, இதை மறக்காதே. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அன்றைக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தது உன் அம்மா. மண்ணைத் தூற்றினதும் அவள் கைதான், அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு வந்ததும் அவள் கைதான். இரண்டில் எது உன்னோடு வரும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது வர வேண்டும் என்று தினமும் கேட்கிறேன். எனக்குக் கேட்கிற யோக்கியதை இல்லை என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

பொடியைப் புதிதாக வறுத்துவிட்டாள். கூரியரில் அதோடு சேர்த்து இதையும் அனுப்புகிறேன், வியாழக்கிழமைக்குள் உன் ஹாஸ்டலுக்கு வந்துவிடும். படித்துவிட்டு என்மேல் கோபம் வந்தால் வரட்டும், இங்கே காப்பி பழுத்துப் பறிப்பு ஆரம்பிக்கிற வரைக்கும் பேசாமல் இரு, நான் தாங்கிக்கொள்வேன். போய்ச் சேர்ந்ததும் மட்டும் போன் பண்ணு. எனக்கு வேண்டாம், அம்மாவுக்குப் பண்ணு. இதை எழுதச் சொன்னதோடு சரி, அவள் இன்னும் என்னிடம் பேச ஆரம்பிக்கவில்லை, நீ சொன்னதை என்னிடம் சொல்வாளா என்று தெரியாது. நான் பக்கத்தில்தான் இருப்பேன். அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன்.

அப்பா